64 ஜிபிதான் வேண்டும் என்று ஏன் இந்தப் பிடிவாதம்?

கணினி கேள்வி–பதில்

சென்ற இதழில் பழைய சர்வர்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கிட்டத்தட்ட எல்லோருமே கேட்டிருப்பது ரேம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம் பற்றி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். முதல் பதில் கொஞ்சம் நீளம். வேறு சிலருக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி: வணக்கம் சார். எங்கள் அலுவலகத்தில் ஒரு டெல் பவர்எட்ஜ் ஆர்710 சர்வர் இருக்கிறது. ஜியான் எக்ஸ்5650 ப்ராசசர் இரண்டு. ஆறு 4 ஜிபி மாட்யூல்கள் (ரேம் பட்டைகள்), மொத்தம் 24 ஜிபி. நாலைந்து விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினி போல இயங்குபவை) ஓடுவதால் மூச்சு முட்டுகிறது. 64 ஜிபி ஆக்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எட்டு 8 ஜிபி போடலாமா? இல்லை, இருப்பதை அப்படியே விட்டு ஐந்து 8 ஜிபி சேர்த்தால் 24-உம் 40-உம் சேர்ந்து சரியாக 64 வருகிறதே, அது போதுமா?

பதில்: கூட்டல் சரி. ஆனால் உங்கள் மெஷினுக்கு 64 என்ற எண்ணே ஒத்துவராது. 8, 16, 32, 64 என்று எண்ணிப் பழகிவிட்டோம், அதனால் 64 என்றால்தான் முழுதாக இருக்கிற மாதிரி ஒரு திருப்தி. ஆர்710-க்கு அந்தத் திருப்தி எல்லாம் கிடையாது. அதன் கணக்கு மூன்றில் ஓடுகிறது.

அந்தத் தலைமுறை ஜியானில், அதாவது 5500, 5600 வரிசைகளில், ஒவ்வொரு ப்ராசசருக்கும் மூன்று மெமரி சேனல்கள், அதாவது ரேமுக்குப் போகும் பாதைகள். ஆர்710-இல் ஒரு சேனலுக்கு மூன்று ஸ்லாட் (மாட்யூல் செருகும் இடம்). ஆக ஒரு ப்ராசசருக்கு 9, இரண்டுக்கும் சேர்த்து 18. போர்டில் ஏ1 முதல் ஏ9, பி1 முதல் பி9 என்று போட்டிருக்கும். ஏ1, ஏ4, ஏ7 மூன்றும் ஒரே சேனல். ஏ2, ஏ5, ஏ8 அடுத்தது. ஏ3, ஏ6, ஏ9 மூன்றாவது. ஒவ்வொரு சேனலின் முதல் ஸ்லாட்டுக்கும் பக்கவாட்டுப் பிடி வெள்ளை நிறத்தில் இருக்கும். மேல் மூடியைக் கழற்றியதும் முதலில் அதன் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்த ஸ்லாட் எங்கே என்று படம் போட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். நிறையப் பேர் மூடியைக் கவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு மேனுவலைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ப்ராசசர் மூன்று சேனல்களிலும் ஒரே நேரத்தில் எடுக்கும், எழுதும். மூன்றிலும் சம அளவு ரேம் இருந்தால் தரவைச் சமமாகப் பிரித்துப் போட்டுக்கொள்ளும். எட்டு மாட்யூலை இரண்டு ப்ராசசருக்குப் பிரித்தால் பக்கத்துக்கு நான்கு. ஒரு சேனலில் இரண்டு, மற்ற இரண்டில் ஒவ்வொன்று. முதல் 24 ஜிபி மூன்று சேனலிலும் பரவும். மிச்சம் 8 ஜிபி பொதுவாக ஒற்றைச் சேனலில் தொங்கும். அந்தப் பகுதியில் போய் உட்காருகிற விர்ச்சுவல் மெஷினுக்கு மூன்றில் ஒரு பங்கு பாதைதான் கிடைக்கும். இன்று வேகமாக ஓடியது நாளை மந்தமாக ஓடும், காரணம் யாருக்கும் பிடிபடாது. ஐந்து சேர்ப்பது இன்னும் மோசம். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்று போய் ஒரு ப்ராசசரிடம் 36 ஜிபி, இன்னொன்றிடம் 28 ஜிபி நிற்கும்.

சரி, என்ன செய்யலாம்? ஐந்துக்குப் பதில் ஆறு வாங்குங்கள். அவ்வளவுதான். ஆறு 8 ஜிபியை ஏ1, ஏ2, ஏ3, பி1, பி2, பி3 ஆகிய வெள்ளைப் பிடி ஸ்லாட்டுகளில் போட்டு, பழைய ஆறு 4 ஜிபியை ஏ4, ஏ5, ஏ6, பி4, பி5, பி6-க்கு நகர்த்திவிடுங்கள். பெரியது முன்னால், சிறியது பின்னால் என்பதுதான் விதி. ஒவ்வொரு சேனலிலும் 12 ஜிபி, மொத்தம் 72. ஒரே ஒரு மாட்யூல் கூடுதல், எல்லாம் சமம்.

வேகத்தையும் பார்த்துவிடுவோம். உங்களுடையது 5600 வரிசை. பயாஸ் (சர்வரைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதியதாக இருந்து, மாட்யூல்கள் 1333 வகையாக (நொடிக்கு 1333 மில்லியன் தடவை தரவு அனுப்புபவை) இருந்தால், சேனலுக்கு இரண்டு போட்டாலும் 1333-லேயே ஓடும். 5500 வரிசை ப்ராசசர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு போட்டாலே 1066-க்கு இறங்கிவிடும். மூன்றாவது ஸ்லாட்டையும் நிரப்பினால் இரண்டு வரிசைக்கும் 800-தான். சேனலுக்கு நொடிக்கு 10.6 ஜிகாபைட் போய்க்கொண்டிருந்தது 6.4 ஆகும். பழைய 4 ஜிபி மாட்யூல்களின் லேபிளில் 8500 என்று இருந்தால் அவை 1066 வகை. புதிதாக எவ்வளவு வேகமானதைப் போட்டாலும் எல்லாம் சேர்ந்து 1066-க்குத்தான் ஓடும். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் எவரோ அவர் வேகம்தான் எல்லோருக்கும்.

ஆனால் இந்த வேகக் கணக்கைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். நினைவகம் போதாமல் ஸ்வாப் போய்க்கொண்டிருக்கிற, அதாவது ரேமுக்குப் பதில் டிஸ்க்கில் எழுதி எடுத்துக்கொண்டிருக்கிற மெஷினில் 1333-ஆ 800-ஆ என்பது பேச்சே இல்லை. ரேமிலிருந்து எடுக்க 100 நானோ நொடி அளவில் ஆகும். சுழலும் டிஸ்க்கிலிருந்து எடுக்கப் பல மில்லி நொடி. பல்லாயிரம் மடங்கு வித்தியாசம். 18 ஸ்லாட்டும் நிரம்பி 144 ஜிபி 800-இல் ஓடுவது, ஸ்வாப் ஆடும் 48 ஜிபி 1333-இல் ஓடுவதைவிட எவ்வளவோ மேல். முதலில் கொள்ளளவு, அப்புறம் சேனல் சமநிலை, கடைசியாக வேகம். இந்த வரிசையில்தான் நான் முடிவெடுப்பேன்.

இன்னும் வளரும் என்று தோன்றினால் ஆறு 16 ஜிபி வாங்கி 96 ஆக்கிவிட்டு, பழைய 4 ஜிபிகளைக் கழற்றி உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஸ்லாட் காலியாக இருக்கும், பிறகு இன்னொரு ஆறு சேர்க்கலாம். அப்படி வாங்கும்போது லேபிளில் 4ஆர்எக்ஸ்4 என்று இருப்பதைத் தள்ளிவிடுங்கள். நான்கு ரேங்க் (ஒன்றாகச் சேர்ந்து தரவு தரும் சில்லுக் கூட்டம்) உள்ள மாட்யூல் அது, மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சேனலுக்கு எட்டு ரேங்க்தான் உச்ச வரம்பு. நான்கு ரேங்க் மாட்யூல் இரண்டு போட்டாலே வரம்பு முடிந்துபோகும், மூன்றாவது ஸ்லாட் வீண். வேகமும், சேனலுக்கு ஒன்று போட்டால் 1066, இரண்டு போட்டால் 800. கேட்டு வாங்க வேண்டியது 2ஆர்எக்ஸ்4.

கடைசியாக ஒன்று. பயாஸில் மெமரி மோடு ஆப்டிமைசரில் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது அட்வான்ஸ்டு ஈசிசியிலோ (ஈசிசி என்பது ரேமில் வரும் தரவுப் பிழையைத் தானே திருத்தும் வசதி) மிரர் மோடிலோ (ஒரே தரவை இரண்டு இடத்தில் வைப்பது) விட்டுவைத்திருந்தால், அது ப்ராசசருக்கு இரண்டு சேனல்களை மட்டுமே பயன்படுத்தும், மூன்றாவது சேனல் சும்மா கிடக்கும். மேலே சொன்ன கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது.

கேள்வி: ஐயா, ஒரு மாட்யூல் லேபிளில் 2ஆர்எக்ஸ்4 பிசி3எல்-12800ஆர் என்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள்? மாற்று வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இடமிருந்து வருவோம்.

2ஆர் என்றால் இரண்டு ரேங்க். ப்ராசசர் ஒரு தடவையில் 64 பிட் தரவும் 8 பிட் ஈசிசியும் சேர்த்து 72 பிட் எடுக்கும். அந்த 72 பிட்டைத் தரும் சில்லுக் கூட்டம் ஒரு ரேங்க். எக்ஸ்4 என்பது ஒவ்வொரு சில்லும் 4 பிட் தருகிறது என்பது. அப்படியானால் ஒரு ரேங்குக்கு 18 சில்லு, இரண்டுக்கு 36. எக்ஸ்8 என்றால் ரேங்குக்கு 9 போதும். மேலே தகடு மூடாத மாட்யூலாக இருந்தால் இருபுறமும் எண்ணிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். கறுப்புச் சில்லுகளின் எண்ணிக்கை 9-ஆல் வகுபட்டால் ஈசிசி உள்ளது. 8 அல்லது 16 என்று வந்தால் அது மேஜைக் கணினிக்கானது. எண்ணும்போது நடுவில் கொஞ்சம் வேறு வடிவில் ஒன்று இருக்கும், அதைச் சேர்க்காதீர்கள். அதுதான் ரெஜிஸ்டர் சில்லு, ப்ராசசரின் கட்டளைகளை வாங்கி மற்றச் சில்லுகளுக்குக் கடத்துவது.

பிசி3 என்றால் டிடிஆர்3. அதை ஒட்டிய எல், 1.35 வோல்ட்டில் ஓடும் என்பதற்கு. எல் இல்லாதது 1.5 வோல்ட். இரண்டையும் கலந்தால் எல்லாம் 1.5-இல் ஓடும், கெட்டுப்போகாது. 12800 என்பது நொடிக்கு இத்தனை மெகாபைட் என்ற உச்ச அளவு. எட்டால் வகுத்தால் 1600, அதுதான் வேகம். 10600 என்றால் 1333. 14900 என்றால் 1866.

கடைசி எழுத்தில்தான் பலர் கோட்டை விடுவது. ஆர் என்றால் ரெஜிஸ்டர்டு, அதாவது ரெஜிஸ்டர் சில்லு உள்ள ஆர்டிம். ஈ என்றால் ரெஜிஸ்டர் இல்லாத ஈசிசி. யு என்றால் இரண்டும் இல்லாத சாதாரண வகை. இந்த இடத்தில் எல் வந்தால் அது எல்ஆர்டிம், தரவுப் பாதைக்கும் இடையில் பஃபர் சில்லு வைத்த வகை. முன்னால் வரும் எல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தக் கடைசி எழுத்து மாறுபட்ட மாட்யூல்களை ஒரே சர்வரில் கலக்கவே கூடாது, பெரும்பாலும் பூட் ஆகாது. எல்ஆர்டிம் 2012-இல் வந்த ஜியான் ஈ5 வரிசையிலிருந்துதான் வேலை செய்யும், 5600 வரிசையில் எடுக்காது.

எக்ஸ்4, எக்ஸ்8 இரண்டும் கைக்குக் கிடைத்தால் எக்ஸ்4-ஐ எடுங்கள். இந்த ஜியான்களில் எக்ஸ்4 மாட்யூலில் ஒரு சில்லு முழுதாகச் செத்துப்போனாலும் சாதாரண மோடிலேயே சர்வர் தரவை மீட்டுக்கொண்டு ஓடும். எக்ஸ்8-க்கு அந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் இரண்டு சேனல்களைப் பூட்டி ஒன்றாக ஓட்ட வேண்டும்.

வாங்குவதற்கு முன் நான் செய்வது இதுதான்: லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை கொடுத்து மெமரி பகுதியை ஒரு கோப்பில் சேமிப்பேன். எந்த ஸ்லாட்டில் எந்தப் பார்ட் நம்பர், எத்தனை ரேங்க், இப்போது என்ன வேகத்தில் ஓடுகிறது என்று எல்லாம் அதில் வரும். மெஷினைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரி மாணவன். வீட்டில் கற்றுக்கொள்ள ஹெச்பி மைக்ரோசர்வர் ஜென்8 வைத்திருக்கிறேன். கழித்துப் போட்ட ஒரு பெரிய சர்வரிலிருந்து நான்கு 8 ஜிபி ஈசிசி ரேம் இலவசமாகக் கிடைத்தது. இரண்டைப் போட்டால் திரையில் ஒன்றுமே வரவில்லை. ரேம் கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருக்காது தம்பி. கடைசி எழுத்தைப் பார், ஆர் என்று இருக்கும். பெரிய சர்வரிலிருந்து வருவது பெரும்பாலும் ஆர்டிம்தான். மைக்ரோசர்வர் ஜென்8 ரெஜிஸ்டர் இல்லாத ஈசிசியை மட்டுமே எடுக்கும், அதாவது ஈ-யில் முடிவது. ஸ்லாட்டும் இரண்டுதான், உச்சம் 16 ஜிபி. கையில் உள்ள நான்கையும் இரண்டு ப்ராசசர் சர்வர் வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்து மாற்றிக்கொள்.

கேள்வி: ஹெச்பி டிஎல்380பி ஜென்8, ஒரே ப்ராசசர். 24 ஸ்லாட்டிலும் 8 ஜிபி போட்டேன். 192 வர வேண்டும், 96-தான் காட்டுகிறது. போர்டு பழுதா?

பதில்: பழுதில்லை. 12 ஸ்லாட் முதல் ப்ராசசருக்கு, 12 இரண்டாவதற்கு. இரண்டாவது ப்ராசசர் இல்லையென்றால் அந்தப் பக்கம் ரேம் போடுவது ஆள் இல்லாத வீட்டுக்குக் கடிதம் போடுவதுதான். ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் ப்ராசசருக்குள்ளேயே இருக்கிறது. இருக்கும் 96-உம் சேனலுக்கு மூன்றாக நிரம்பி வேகம் குறைந்து ஓடும். இந்தத் தலைமுறையில் ப்ராசசருக்கு நான்கு சேனல். எட்டு மட்டும் போட்டு சேனலுக்கு இரண்டாக 64-இல் ஓட்டலாம் (உங்களுக்குத்தான் 64 பொருந்தும், பாருங்கள்), அல்லது இன்னொரு ப்ராசசர் தேடுங்கள்.

இதே போல எழுதிய இன்னொருவருக்கு இரண்டு ப்ராசசரும் இருக்கின்றன, ஆனால் ஒரு சேனல் முழுக்கக் காணவில்லை. மாட்யூலை மாற்றியும் பலனில்லை என்கிறார். ப்ராசசரைக் கழற்றி, சாக்கெட்டின் ஊசிகளைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ஊசி சாய்ந்திருந்தாலும் வெளிச்சத்தில் மற்றவை வரிசையாக மின்னும்போது அது மட்டும் மின்னாமல் நிற்கும். ப்ராசசர் சரியாக உட்காராமல் ஹீட்சிங்க்கை ஒரு பக்கமாக இறுக்கினாலும் இப்படிச் சேனல் தொலையும்.

கேள்வி: லினக்ஸ் சர்வரில் 32 ஜிபி. ஃப்ரீ கட்டளை கொடுத்தால் காலியாக இருப்பது 400 எம்பி என்கிறது. இன்னும் 32 சேர்க்கலாமா?

பதில்: பொறுங்கள். பார்க்க வேண்டியது ஃப்ரீ என்ற நெடுவரிசையை அல்ல, அவெய்லபிள் என்பதை. லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமை எல்லாம் கோப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளப் பயன்படுத்திக்கொள்ளும், யாராவது கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். விஎம்ஸ்டாட் கட்டளையை ஓடவிட்டு எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து வருவது, ஸ்வாப்புக்குப் போவது) என்ற இரண்டையும் வேலை அதிகமுள்ள நேரத்தில் கவனியுங்கள். இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றால் கைப்பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: 64 ஜிபி போட்டும் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 ஸ்டாண்டர்டு 32 ஜிபி மட்டுமே எடுக்கிறது.

பதில்: அந்தப் பதிப்பின் வரம்பே 32 ஜிபிதான். ரேமில் குறையில்லை. அதற்கான பாதுகாப்புப் புதுப்பித்தல்களும் நின்று பல வருடமாகிறது, ஆகவே மாற்ற வேண்டியது விண்டோஸை.

கேள்வி: ரேம் சேர்த்த பிறகு சர்வரின் லாக் பதிவில் கரெக்டபிள் (திருத்தக்கூடிய) ஈசிசி எரர் என்று ஒரு மாட்யூலுக்கு மட்டும் அவ்வப்போது வருகிறது. சர்வர் நன்றாகத்தான் ஓடுகிறது. விட்டுவிடலாமா? என் நண்பர் ரப்பரால் காண்டாக்ட்டைத் தேய்க்கச் சொல்கிறார்.

பதில்: ரப்பர் வேண்டாம். தங்கப் பூச்சு மெல்லியது, ரப்பர்த் தூள் ஸ்லாட்டுக்குள் போனால் இன்னொரு தலைவலி. மின்கம்பியைக் கழற்றி, கையில் ஆன்டிஸ்டாடிக் பட்டை கட்டிக்கொண்டு, மாட்யூலை எடுத்துத் திரும்பப் பொருத்துங்கள். இரண்டு முனையையும் கட்டைவிரலால் ஒரே சமமாக அழுத்துங்கள். பிடிகள் தானாக எழுந்து பள்ளத்தில் உட்கார வேண்டும். நீங்கள் பிடியைத் தள்ளி மூடினால் பாதிதான் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியும் வந்தால், அந்த மாட்யூலையும் அதே அளவுள்ள இன்னொன்றையும் இடம் மாற்றிப் போடுங்கள். எரர் மாட்யூலோடு கூடவே போனால் மாட்யூல் பழுது. பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் ஸ்லாட்டையோ ப்ராசசர் சாக்கெட்டையோ சந்தேகப்பட வேண்டும். கழற்றிய பிளாஸ்டிக் காற்றுத் தடுப்பை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாமல் மூடினால் மின்விசிறிக் காற்று ரேம் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும், சூட்டினாலேயே எரர் கூடும்.

என்றோ ஒரு தடவை வந்த ஒற்றை எரருக்காகப் பயப்பட வேண்டியதில்லை. கூகுள் தன் சர்வர்களை வைத்து டொராண்டோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட மாட்யூல்களில் இப்படித் திருத்தக்கூடிய எரர் வந்ததாகக் கண்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: எரர் வந்த மாட்யூலில் திரும்ப வரும் வாய்ப்பு மற்றவற்றைவிட மிக அதிகம். உங்களுக்கு ஒரே மாட்யூலில் திரும்பத் திரும்ப வருகிறது. நான் மாற்றிவிடுவேன்.

கேள்வி: பவர்எட்ஜ் 2950-இல் 8 ஜிபி இருக்கிறது. 32 ஆக்கினால் இன்னும் சில வருடம் ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். அது டிடிஆர்2 எஃப்பி-டிம் வகை. ஒவ்வொரு மாட்யூலிலும் தனி பஃபர் சில்லு இருக்கிறது, அது சும்மா இருக்கும்போதே பல வாட் தின்று சூடாகும். அதனால்தான் அந்த மாட்யூல்களுக்கு மேலே தடித்த தகடு. எட்டு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேலையே இல்லாத நேரத்திலும் மின்சாரம் கணிசமாகப் போகும். அந்த ரேமை வேறு தலைமுறை சர்வர் எதிலும் மாற்றிப் போடவும் முடியாது. அதற்குக் கொடுக்கிற பணத்தை, ரேமோடு கழித்து விற்கப்படும் ஈ5 வரிசை சர்வர் ஒன்றில் போடுங்கள். வாங்கும் முன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லி எத்தனை மாட்யூல், எந்த ஸ்லாட்டில் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். 64 ஜிபி என்று சொல்லி எட்டு மாட்யூலையும் ஒரே ப்ராசசர் பக்கம் குத்திவைத்திருப்பார்கள்.